சவுரிராயன் பெயருக்கு வந்த செய்தி

கருவாடு இல்லாமல் சவுரிராயனுக்குக் கூழ் இறங்காது. கரும்பு வெட்டப் போகும் நாட்களில் அவர் வரப்பில் உட்கார்ந்து கேப்பைக் கூழ் குடிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு மடக்கு கூழ், ஒரு கடி கருவாடு, பிறகு கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் பேச்சில்லை. வயிற்று வலிக்குக் கருவாட்டை நிறுத்தச் சொன்ன வைத்தியரையே மாற்றிக்கொண்ட மனிதர் அவர். அப்படிப்பட்டவர் ஒரு வாரமாகத் தன் தட்டில் விழுந்த நெத்திலியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மகள் ஆரோக்கியசெல்வியின் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார்.

“நீ துன்னும்மா. நாள் பூரா கம்ப்யூட்டர் பொட்டி எதிர குந்திக்கினு கண்ண கெடுத்துக்கற.”

“உனக்கு?”

“எனக்கு இப்பலாம் புடிக்கல.”

செல்விக்கு இது உறுத்தியது. அடுப்படியில் அம்மாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டாள். அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு, “பீடியக்கூட வுட்டுட்டாரு, தெரியுமா? மாதா புண்ணியம். நீ ஏன் எதுக்குன்னு கேட்டு கெடுத்துராத” என்றாள்.

அதனால் செல்வி கேட்கவில்லை. அப்பா வைத்த கருவாட்டைத் தின்றாள். மாலையில் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, வார் அழுத்திய இடம் பள்ளமாகவே நிற்பதைப் பார்த்தாள். உட்கார்ந்தே வேலை செய்தால் கால் வீங்கத்தான் செய்யும் என்று அதையும் விட்டுவிட்டாள்.

ஒலக்கூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற ஊர் அவர்களுடையது. மாதா கோயில் தெருவில் கல்லூரிப் படி ஏறிய முதல் பெண் செல்வி. பத்தாவது வரை ஊர்ப் பள்ளியில் தமிழில் படித்தாள். பிறகு திண்டிவனத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் திடீரென்று எல்லாம் ஆங்கிலமாகிவிட்டது. முதல் ஆறு மாதம் வகுப்பில் வாயைத் திறக்கவில்லை. அங்கே கடிதம் எழுதும் பாடத்தில் ‘டியர் மிஸ்டர் ஸ்மித்’ என்று தொடங்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஸ்மித் யார், அவருக்கு எதற்கு எழுதுகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்காமல் மனப்பாடம் செய்கிற பழக்கம் அப்போது வந்தது.

பி.சி.ஏ. முடித்ததும் திண்டிவனத்தில் தேவாவிடம் வேலைக்குச் சேர்ந்தாள். சென்னைக் கம்பெனி ஒன்றில் இருந்து, கொரோனாவில் ஊருக்குத் திரும்பி, மின்விசிறிக் கடை மாடியில் அறை பிடித்துச் சொந்தமாகத் தொழில் தொடங்கியவன் தேவா. பள்ளிக்கூடம், நகைக்கடை, மருத்துவமனை என்று சுற்று வட்டாரத்துக்கு இணையதளமும் குறுஞ்செய்தி அனுப்பும் நிரலும் செய்துகொடுப்பான். அங்கே ஆங்கிலம் தெரிந்த பையன்கள் இருந்தார்கள். தமிழில் நாலு வரி ஒழுங்காக எழுத ஆளில்லை. அந்த வேலை செல்விக்கு வந்தது.

ஆயிரம் பேருக்குப் போகிற செய்தியை ஆயிரம் தடவை எழுத வேண்டியதில்லை. வாக்கியம் ஒன்றுதான். மாறுவது பெயர் மட்டும். பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு டாலர் குறி போட்டு, நெளிந்த அடைப்பு ஒன்று திறந்து மூடி, படிவத்தின் எந்தப் பெட்டியிலிருந்து பெயரை எடுக்க வேண்டும் என்று உள்ளே குறித்துவிட்டால் போதும். அனுப்பும் நேரத்தில் ஜாவாஸ்கிரிப்ட் ஒவ்வொருவர் பெயராக எடுத்து அங்கே பொருத்திவிடும். சேர்ந்த புதிதில் அப்பா ஒருநாள், “அப்டி இன்னாதான் வேலை செய்யற?” என்று கேட்டபோது இதைத்தான் சொன்னாள்.

“திண்டிவனம் பஸ்டாண்டுல ஜன்னல் வழியா துண்டு போட்டு எடம் புடிப்பியேப்பா, அதேதான். பேரு வர்ற வரைக்கும் நான் துண்டு போட்டு வெக்கறேன்.”

சவுரிராயன் யோசித்தார். “வேற எவனாச்சும் வந்து குந்திக்கினா?”

“கம்ப்யூட்டர்ல அப்டிலாம் குந்த முடியாதுப்பா.”

“பஸ்ல மட்டும் முடியுமாக்கும்” என்றார் அவர். சீட்டுக்காக அவர் போட்ட சண்டைகள் ஊருக்கே தெரியும்.

விழுப்புரத்தில் ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடம். அதை நடத்துகிறவர் வெளிநாட்டு நிரல் ஒன்றை வாங்கியிருந்தார். முடிவு தயாரானதும் அது தானாகவே செய்தி அனுப்பும், ஆனால் ஆங்கிலத்தில். அதைத் தமிழாக்கும் வேலை தேவாவுக்கு வந்து, தேவாவிடமிருந்து செல்விக்கு வந்தது.

“அடைப்புக்குள்ள இருக்கறதுல மட்டும் கை வெக்காத செல்வி. ஒரு எழுத்து மாறுனாலும் மொத்தமும் படுத்துக்கும். சுத்தி இருக்கற இங்கிலீஷ மட்டும் தமிழாக்கிடு” என்றான் தேவா.

அவள் அப்படியே செய்தாள். ‘டியர்’ இருந்த இடத்தில் ‘அன்புள்ள’ வந்தது. அதன் பக்கத்து அடைப்புக்குள் ‘லாஸ்ட் நேம்’ என்று இருந்தது. கூடவே வந்த மாதிரிப் பெயரை வைத்து ஓட்டிப் பார்த்தாள். ‘அன்புள்ள ஸ்மித்’ என்று வந்தது. பள்ளியில் பார்த்த அதே ஸ்மித். சரியாகத்தான் இருக்கிறது என்று ஒப்படைத்துவிட்டாள்.

கூடத்துக்காரர் மகிழ்ந்துபோய், ஊர்ப்பக்கம் ஒரு இலவச முகாம் போடலாம், எந்த ஊர் என்று கேட்டார். எங்கள் ஊர் என்றாள் செல்வி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் மேசை போட்டார்கள். கோயில் தெரு, ஊர்த் தெரு என்று பார்க்காமல் எல்லாரும் வந்தார்கள். விழுப்புரத்திலிருந்து வந்த வரவேற்பு மேசைப் பெண் பூமாலைக்குக் கை ஓயவில்லை. செல்வியும் பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களைத் தட்டச்சு செய்தாள்.

“அப்பா பேரையும் சேத்து சொல்லுங்க பெரியவரே. ரெண்டாவது பொட்டிய காலியா வுட்டா மிஷின் வாங்காது. போன் நம்பர் வூட்டுக்கு ஒண்ணு போதும்” என்று பூமாலை வரிசையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

முதல் பெட்டியில் சவுரிராயன், இரண்டாவது பெட்டியில் அவருடைய அப்பா சின்னப்பன். முதல் பெட்டியில் ஆரோக்கியசெல்வி, இரண்டாவதில் சவுரிராயன். இரண்டுக்கும் வீட்டு எண் என்று அப்பாவின் எண். செல்வி தன் கையாலேயே அடித்தாள். ஊசி என்றால் பயப்படும் அம்மா மட்டும் கோயிலுக்குள்ளேயே செபமாலையோடு உட்கார்ந்துகொண்டாள். தான் கொண்டுவந்த முகாம், தான் எழுதிய செய்தி என்று அன்று செல்விக்குக் கொஞ்சம் தலைகூட நிமிர்ந்துதான் இருந்தது.

முடிவுகள் செய்தியாகப் போய்ச் சேர்ந்ததும் அப்பாவிடம் கேட்டாள். “எனக்கு எதுனா வந்துதாப்பா?”

“ஒனக்கு ஒண்ணும் வர்லம்மா” என்றார் அவர். அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. மகள் பெயருக்குச் செய்தி வராததே நல்லதுக்குத்தான் என்று அவர் நினைத்திருந்தார். அவளுக்கு அது தெரியாது. எங்காவது சிக்கியிருக்கும், பூமாலையிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். கருவாடு அவள் தட்டுக்கு மாறத் தொடங்கியது அன்றிலிருந்துதான்.

பிறகு ஒருநாள் காலை பஸ்ஸுக்கு நிற்கும்போது ரோஜா வந்தாள். ஊர்த் தெருவில் லாரி ஓட்டுகிற பச்சைமுத்துவின் மனைவி. செல்வியைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டே வந்தாள்.

“ஒங்க லேப்புக்காரன் பெரிய ஆளுடி செல்வி. கொரோனாக்கு முன்னயே போய்ச் சேந்த எங்க மாமனாருக்கு சக்கரை ஏறிப்போச்சாம்.”

“இன்னாக்கா சொல்ற?”

“அன்புள்ள முனுசாமின்னு வந்துருக்குது. ஜல்தியா டாக்டர பாக்கணுமாம். மேல போயி லட்டா துன்னுக்கினு இருக்காரு போல. இனிமே படையல்ல வெல்லத்த கொறைடீன்றாரு எங்கூட்டுக்காரு.”

செல்விக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “அண்ணனுக்கு இன்னா வந்துது?”

“அவுருக்கு ஒண்ணும் வர்ல. அவுருக்கு இன்னா கேடு, கல்லாட்டம் இருக்காரு. ராத்திரியானா தண்ணி குடிச்சிக்கினே இருக்காரு, அதான் பேஜாரு.”

பஸ் வந்தது. செல்வி ஏறி உட்கார்ந்தாள். சிரிப்பு உதட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. முனுசாமியின் பெயர் முகாமில் எப்படி வந்தது என்று யோசித்தாள். பச்சைமுத்துவின் அப்பா பெயராக, இரண்டாவது பெட்டியில். அந்த நிரலுக்கு இரண்டாவது பெட்டிதான் லாஸ்ட் நேம். வெளிநாட்டில் அது குடும்பப் பெயர், மனிதரை அந்தப் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். ஒலக்கூரில் அந்தப் பெட்டியில் இருப்பது அப்பா.

உதட்டில் இருந்த சிரிப்பு அப்படியே காய்ந்துபோயிற்று. சர்க்கரை செத்த முனுசாமிக்கு இல்லை. லாரி ஓட்டுகிற பச்சைமுத்துவுக்கு.

அடுத்ததாக அப்பாவின் தட்டு நினைவுக்கு வந்தது. அவர் ஒதுக்கிய கருவாடு, விட்ட பீடி. அவருக்கும் ஏதோ வந்திருக்கிறது. அதை மறைக்கிறார். திண்டிவனம் வந்து மாடிப்படி ஏறும்போது செல்விக்கு மூச்சு வாங்கியது.

யாரிடமும் பேசாமல் கணினியைத் திறந்து, கூடத்தின் பதிவுகளில் சவுரிராயன் என்று தேடினாள். சர்க்கரை சரி. இரத்த அளவு சரி. சிறுநீரகம் சரி. எல்லாமே சரி. அப்பாவுக்கு ஒரு குறையும் இல்லை. அந்தத் திருப்தி நெஞ்சுக்குள் இறங்குவதற்குள் இன்னொன்று முந்திக்கொண்டது. அப்படியானால் ‘அன்புள்ள சவுரிராயன்’ என்று போனது யாருடைய முடிவு?

சவுரிராயன் என்ற பெயர் இரண்டாவது பெட்டியில் இருக்கிற பதிவு ஒன்றே ஒன்றுதான்.

அதைத் திறக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். கீழே கடையில் யாரோ மின்விசிறி ஓட்டிக் காட்டச் சொல்லி பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு திறந்தாள். கிரியாட்டினின் என்ற சொல்லுக்கு எதிரே எண் சிவப்பில் இருந்தது. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் அந்த எண் ஏறும். ஊரில் அதை உப்பு என்பார்கள். உப்பு ஏறிப்போச்சு என்று சொல்லி முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனவர்களை அவளுக்குத் தெரியும். மேசைக்குக் கீழே குனிந்து தன் பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். பள்ளம் விழுந்தது. நின்றது.

தேவா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள், தன்னுடையதை மட்டும் விட்டுவிட்டு. தேவா அவள் திரையைப் பார்த்தான். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டான்.

“நான்தான அடைப்புல கை வெக்காதன்னேன். சரி, லாஸ்ட்ட எடுத்துட்டு ஃபர்ஸ்ட்ன்னு போட்டுடு. இனிமே போறது கரெக்டா போவும்.”

“போட்டுட்டேண்ணா. ஏற்கெனவே போனது?”

“போனது போச்சு செல்வி. லேப்புக்காரருக்கு தெரிஞ்சா நம்மள தூக்கிடுவாரு. யாராச்சும் கம்ப்ளெயின்ட் பண்ணாங்களா?”

“பாதி மெசேஜ் செத்தவங்க பேருக்குப் போயிருக்குது. அவங்க எப்டிண்ணா கம்ப்ளெயின்ட் பண்ணுவாங்க?”

அவள் விடவில்லை. “எங்க ஊரு பச்சைமுத்து அண்ணன் லாரி ஓட்டறாரு. ராத்திரில எடுத்துக்கினு போறாரு. அவருக்கு இருக்கறது அவருக்கே தெரியாது.”

தேவா எழுந்து போய் ஜன்னலருகே நின்று வெகுநேரம் கூடத்துக்காரரிடம் தொலைபேசியில் பேசினான். அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் செல்வி வரைக்கும் கேட்டது. திரும்பி வந்தபோது அவன் காது சிவந்திருந்தது. “அனுப்பிடு. முன்ன வந்தது பேரு மாறி வந்துடுச்சு, மன்னிக்கணும்னு மேல ஒரு வரி சேரு” என்றான்.

அவள் எழுதினாள். அனுப்புவதற்கு முன் கை நின்றது. பட்டனை அழுத்தினால் மற்றவர்களோடு சேர்த்து ‘அன்புள்ள ஆரோக்கியசெல்வி’ என்று ஒன்று அப்பாவின் போனுக்கும் போகும். கரும்புக் காட்டில், தனியாக நின்று, எழுத்துக் கூட்டிப் படிப்பார். அவள் நிரலில் இன்னும் ஒரு வரி சேர்த்தாள். இந்த ஓர் எண்ணுக்கு மட்டும் அனுப்பாதே. பிறகு அழுத்தினாள். ரோஜாவைத் தனியாகக் கூப்பிட்டும் சொன்னாள். ரோஜா இந்த முறை சிரிக்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்குப் போனாள். அம்மா மல்லாட்டை பிடுங்கப் போன வேர்க்கடலைக் கொல்லையிலிருந்து இன்னும் வரவில்லை. சவுரிராயன் கூழைக் கரைத்து வைத்திருந்தார். அடுப்பில் சுட்ட கருவாட்டை மகள் தட்டில் போட்டார். செல்வி அதை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

“எனக்குதான் புடிக்கலன்னேனே.”

“புடிக்கும்ப்பா. நீ துன்னலாம்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஏதோ தெரிந்துகொண்டு வந்திருக்கிறாள் என்று புரிந்தது. இனி மறைத்துப் பயனில்லை என்பதுபோல் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். “டீக்கடைல தென்னரசுகிட்ட குடுத்து படிச்சிக்கினேன். உப்பு ஏறிக்கிச்சாம். ஒங்கம்மாகிட்ட சொல்லாத. ஒனக்கு ஒரு எடம் பாத்து முடிச்சிட்டு மெதுவா வைத்தியம் பாத்துக்கலாம்னு இருக்கறேன்.”

செல்வி போனை வாங்கினாள். இரண்டு செய்திகள் இருந்தன. ஒன்று, அன்புள்ள சின்னப்பன், தங்களுக்கு எந்தக் குறைபாடும் இல்லை. மற்றது அவள் எதிர்பார்த்ததுதான்.

“ஒந்தாத்தாவுக்கு ஒரு கொறையும் இல்லியாம். செத்தவனுக்கு இன்னா கொற” என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார் சவுரிராயன்.

“யப்பா. நான் துண்டு போட்டு வெச்ச எடத்துல வேற ஆளு குந்திட்டாங்கப்பா.”

“இன்னாது?”

“மெசேஜ்ல. நான் எழுதனதுலதான் தப்பு. எல்லாருக்கும் அவங்கவங்க அப்பா பேருல போயிடுச்சு.” போனில் இருந்த இரண்டு பெயர்களையும் தொட்டுக் காட்டினாள். “உன் எடத்துல தாத்தா. என் எடத்துல நீ.”

சவுரிராயன் இரண்டு விரலை நீட்டி, ஒன்றைத் தொட்டு, பிறகு மற்றதைத் தொட்டார். உதடு மட்டும் அசைந்தது. சின்னப்பனுக்கு ஒன்றுமில்லை என்றால் தனக்கு ஒன்றுமில்லை. அந்த விரலை மடக்கினார். இன்னொரு விரல் நீட்டியபடியே நின்றது. அதை மடக்க அவரால் முடியவில்லை.

தட்டைப் பார்த்தார். “ஒரு வாரமா ஒனக்கு வாரி வாரி வெச்சனே” என்றார்.

“தெரியாமதானப்பா வெச்ச.”

“எல்லாருக்கும் மாத்தி அனுப்பிட்டியா?”

“அனுப்பிட்டேன். நம்ம வூட்டுக்கு மட்டும் அனுப்பல.”

“அனுப்பாத. எம் பேருல வந்தது எம் பேருலியே கெடக்கட்டும்.”

“பேரு எங்க கெடந்தா இன்னாப்பா. ரத்தம் என்னுதுதான.”

அவர் எழுந்து வெளியே போனார். வேலிப் பக்கம் முதுகு காட்டி நின்றார். அம்மா தலையில் மல்லாட்டைக் கொடியோடு வந்து, “இன்னா இந்தாளு இங்க நின்னுக்கினு இருக்கறாரு” என்று கேட்டபோதும் திரும்பவில்லை.

மறுநாள் காலை முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் வந்து நிற்பதற்குள் சவுரிராயன் ஓடினார். ஓடும்போதே தோள்துண்டை எடுத்து ஜன்னல் வழியாக எறிந்தார். அவள் ஏறி வருகிறவரை அந்த இருக்கையின் மேல் கையை ஊன்றி நின்றார். கேட்ட ஒருவரிடம், “ஆளு வருது, ஆளு வருது” என்றார்.

செல்வி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கப் பார்த்தாள். எதுவும் அடுக்கில் நிற்கவில்லை. இப்போது ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடுவார்களா, மறுபடி எடுத்துப் பார்த்தால் எண் மாறியிருக்குமா என்பதையே சுற்றிச் சுற்றி வந்தது மனம். பாதங்களைப் பார்க்கக் கூடாது என்று வெளியே பார்த்தாள்.

கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றதும் கூடைக்காரி ஒருத்தி அவித்த மல்லாட்டையை ஜன்னலுக்கு நீட்டினாள். ஆவி வந்தது. எந்தப் பயணமானாலும் அந்த இடத்தில் மகளுக்கு மல்லாட்டை வாங்கித் தருவது சவுரிராயனின் வழக்கம். கை தானாகவே சட்டைப் பைக்குப் போயிற்று. பாதியில் நின்றது.

“உப்பு போடாதது இருக்குதாம்மா?”

“உப்பு போடாம மல்லாட்டை யாரு பெரியவரே அவிப்பாங்க?” கூடைக்காரி அவரையும் செல்வியையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஆஸ்பத்திரிக்கா? யாருக்கு?”

சவுரிராயன் மகள் பக்கம் திரும்பவில்லை.

“எனக்குதான்” என்றார்.